உப்பில்லாத சொதி

வாசலில் மறுபடியும் உப்பு. டேகெயாரிலிருந்து வந்ததும் மகளின் பனிச் சப்பாத்துகளைக் கழற்றி ரப்பர்த் தட்டில்தான் வைத்தேன். அப்போது வெறும் ஈரம். அவள் நித்திரையான பிறகு வந்து பார்த்தால், தட்டைத் தாண்டிக் கதவின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு காய்ந்து கிடக்கிறது. இன்று காலைதான் இந்தக் குளிர்காலத்தின் முதல் பனி. அது விழுவதற்கு முன்பே லொறிகள் வந்து தெருக்கள் உறையாதிருக்க ஸ்காபரோ முழுவதும் உப்பை இறைத்துவிட்டுப் போய்விட்டன.

முதல் உப்பு லொறியைக் கண்ட அன்று நீ தவறாமல் எனக்கு ஃபோன் எடுப்பாய். “எடியே, சிற்றி வட்டம் போட்டு முடிச்சிட்டுது. இனி ஏப்ரல் வரைக்கும் ஒரு பேயும் ரொறன்ரோவுக்குள்ளை கால் வைக்காது.” உப்பால் வட்டம் போட்டுவிட்டால் வேண்டாதது எதுவும் உள்ளே வராது என்று உன் கூட்டத்தில் சிலர் நம்பினார்கள். சிலர் நம்பவில்லை. நீ எந்தப் பக்கம் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நேராக ஒரு பதிலும் வந்ததில்லை.

இன்று லொறி போனது. ஃபோன் அடிக்கவில்லை. வினாகிரி கலந்த தண்ணீரும் துணியுமாகக் கதவடியில் கொஞ்ச நேரம் குந்தியிருந்தேன். துடைக்காவிட்டால் தரை வெளிறிப்போகும். நாளைக்கும் இதே கோடு வரும், நாளைக்கும் துடைக்க வேண்டும், பனி போகும்வரை இதே வேலை. நினைக்கவே அலுப்பாக வந்தது. துணியை வாளியின் விளிம்பில் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். அதை உனக்குச் சொல்ல வேண்டும். சரியாகச் செய்தேனா என்று மட்டும் கேட்காதே.

‘சரியாக’ என்ற சொல்லில்தான் நமக்குள் முதல் வாக்குவாதமே தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் முதல் வருடம். வகுப்பு முடிந்து சப்வேயில் வந்துகொண்டிருந்தோம். நீ மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை, ஞாயிறு பூசைக்கு அம்மாவோடு போகிறவள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

“நான் இப்ப பேகன்” என்றாய், புதிதாகக் கண்ணாடி போட்டிருக்கிறேன் என்பதுபோல.

“அப்பிடியெண்டா?”

“கிறிஸ்தவத்துக்கு முந்தின தெய்வங்கள், மரம், மண், பருவம்... ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்டு.”

“உனக்கு எது?”

“தேடிக்கொண்டிருக்கிறன்.”

“வேதப் புத்தகம் ஏதும் இருக்கோ?”

“எல்லாருக்கும் பொதுவா ஒண்டுமில்லை.”

“பாதர் மாதிரி, ஐயர் மாதிரி ஆரும்?”

“சிலருக்கு இருக்கு. எங்களுக்கு இல்லை.”

“அப்ப நீ செய்யிறது சரியோ பிழையோ எண்டு ஆர் சொல்லுறது?”

நீ சிரித்த சிரிப்பில் எதிர் இருக்கையில் தூங்கிக்கொண்டு வந்த மனிதர் திடுக்கிட்டு எழும்பி, தன் தரிப்பு வந்துவிட்டதென்று இறங்கப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் உண்மையாகவே கேட்டேன். பன்னிரண்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் பதினெட்டாம் மாடியில் ஒரு அறைக்குள் நாங்கள் ஐந்து பேர் இருந்த காலத்தில், அம்மா சொன்ன விதிகள்தான் என்னைக் கைபிடித்து நடத்தின. எந்த நாளில் நகம் வெட்டக்கூடாது, எந்தக் காலை முதலில் எடுத்து வைக்க வேண்டும், யார் கண்பட்டால் எப்படி நாவூறு கழிக்க வேண்டும். காரணம் கேட்டதில்லை. விதி இருந்தால் பயம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். விதியே இல்லாத ஒரு இடத்துக்கு நீ சிரித்துக்கொண்டு போகிறாய் என்பது எனக்கு விளங்கவேயில்லை.

பிறகு ஒரு நாள் பார்க்டேலில் இருந்த உன் வீட்டுக்குக் கூப்பிட்டாய். “வந்து சும்மா இரு. ஒருத்தரும் உன்னைக் கடிக்கமாட்டினம்.” மூன்று பேர் வந்திருந்தார்கள். மோய்ரா, நூலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். செத்தவர்கள் உண்மையாகவே வருகிறார்கள், கதிரை காட்டினால் இருக்கிறார்கள் என்று நம்புகிறவள். இங்கிரிட் பஸ் ஓட்டுகிறவள். அவளுடையவை வடக்குத் தெய்வங்கள். ஒவ்வொன்றும் தனி ஆள், தனிக் கோபம், தனிப் பசி. ஒன்றின் பங்கை இன்னொன்றுக்கு வைக்கமாட்டாள். மற்றவர்கள் பெரிய தாய்த் தெய்வம் ஒன்றை வாழ்த்திப் பாடும்போது அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, ஆனால் தாளம் மட்டும் தட்டிக்கொண்டு இருந்தாள். டானியல் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். அவனுக்குத் தெய்வமே கிடையாது. பிறகு ஏன் வருகிறாய் என்று கேட்டதற்கு, “சூரியன் திரும்புகிற நாளை ஒருவரும் கவனிக்காமல் விடுவது மரியாதையில்லை” என்றான்.

நீயோ, ஏரித் தண்ணீர் ஒரு கிண்ணத்தில் யன்னலோரம் வைத்திருந்தாய். பக்கத்தில் உன் அம்மா தந்த மாதா சொரூபம், மூக்கு நுனி உடைந்தது. “இவ ஏன் இஞ்சை?” என்றேன். “அவ அம்மான்ர ஆள். என்னட்டை விருந்தாளி” என்றாய். கிண்ணத்துத் தண்ணீரை யாருக்கு வைக்கிறாய் என்றதற்கு, “தண்ணிக்குத்தான்” என்று ஒரு சொல்.

திரும்பி வரும்போது ஸ்ட்ரீட்கார் தரிப்பில் நின்று, நான் பெருந்தன்மையாக ஏதோ சொல்வதாய் நினைத்துக்கொண்டு, “எப்பிடிக் கும்பிட்டாலும் எல்லாம் ஒண்டுதானே” என்றேன். உனக்கு முகம் மாறிவிட்டது.

“ஒண்டில்லையடி. இங்கிரிட்டிட்டைப் போய்ச் சொல்லிப் பார், பஸ்ஸிலை ஏத்தமாட்டாள். எல்லாம் ஒண்டெண்டு சொன்னா, பேந்து ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்கத் தேவையில்லை எண்டெல்லோ ஆகுது?”

“அப்ப எப்பிடி ஒரே மேசையிலை இருக்கிறியள்?”

“மற்றாள் கும்பிடுறதைத் திருத்தாதை. எங்களுக்குள்ளை அந்த ஒரு சட்டம்தான். அதையும் ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. அதுக்கே நாங்கள் படுற பாடு.”

மகள் பிறந்து, அவளுக்குத் தொய்வு, அந்த மூச்சிரைப்பு வருத்தம், இருக்கிறதென்று தெரிந்த பிறகு, எனக்கு இருந்த பயங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து அவள் நெஞ்சின் இரைச்சலில் போய்க் குடியேறிவிட்டன. நீ மட்டும்தான் என்னைப் பைத்தியம் என்று சொல்லாதவள். கொஞ்சம் தடிமன் என்றாலும் வாசலைத் தாண்டமாட்டாய். “சளி பிடிச்சிருக்கு, உள்ளுக்கை வரேல்லை” என்று கொரிடோரில் நின்றபடி பையை நீட்டுவாய். முகக்கவசத்துக்கு மேலே உன் கண்களைப் பார்த்துக்கொண்டு பிள்ளை உள்ளேயிருந்து ஆடிக் காட்டுவாள். அரைமணித்தியாலம் அப்படியே நின்று கதைத்துவிட்டுப் போவாய். எதிர்வீட்டு அன்ரி ஒரு நாள் என்னைத் தனியாகப் பிடித்து, “ஏன் பிள்ளை, அந்தப் பெட்டையோடை ஏதும் கோவமோ, உள்ளை விடுறேல்லை?” என்று கேட்டா.

கடைசியாக ஆஸ்பத்திரியில் நீ கேட்டதும் ஒரு வாசல் விஷயம்தான்.

“ஒக்டோபர் முடிய நாங்கள் செத்தவைக்குத் தட்டு வச்சு, ஒண்டும் கதைக்காமல் சாப்பிடுறது தெரியுந்தானே. எனக்கு வாற முதல் தட்டை உன்ர வீட்டிலை வை.”

“நானோ? மோய்ரா இருக்கிறாவே.”

“மோய்ரா வச்சா அது மோய்ரான்ர முறை. இங்கிரிட் வச்சா இங்கிரிட்டின்ர. நீ வச்சா... உனக்கு ஒரு கோதாரியும் தெரியாது. அதாலை எல்லாருக்கும் இடமிருக்கும்.”

“வீட்டிலை சின்னப்பிள்ளை இருக்கடி.”

நீ யன்னல் பக்கம் திரும்பினாய். கோபித்துக்கொண்டாய் என்று நினைத்தேன். இல்லை, யோசித்திருக்கிறாய். “வந்தா வாசலிலை நிப்பன். சளி பிடிச்சிருக்கெண்டு நினைச்சுக்கொள்ளன்.”

“வருவியோ?”

“எனக்குத் தெரியாது.”

அந்தச் சொல் உன் வாயில் ஒருநாளும் தோல்வி போலக் கேட்டதில்லை. வயிறு நிறைந்திருக்கிறது, இப்போது வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொல்வாய்.

பங்குனியில் உன்னை மாதா கோயிலில் வைத்து அனுப்பினார்கள். கையில் செபமாலை சுற்றியிருந்தது. கடைசி வாங்கில் மோய்ராவும் டானியலும் இருந்தார்கள்; பஸ் சீருடையோடு ஓடிவந்த இங்கிரிட் இடமில்லாமல் நின்றாள். உன் அம்மா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. அவவில் நான் பிழை சொல்லமாட்டேன். தான் பெற்ற பிள்ளையைத் தனக்குத் தெரிந்த வழியில் வழியனுப்பினா. ஆனால் நான் குனிந்து பார்த்தபோது, வேறு யாருடைய மகளோ படுத்திருப்பதுபோல இருந்தது.

பிறகு கோடை வந்தது, போனது. வேலை, டேகெயார், இரண்டு முறை அவசரப் பிரிவு. ஒக்டோபர் நெருங்க நெருங்க நான் கலண்டரைப் பார்க்காமலே தாண்டிப்போனேன். உனக்கு எங்கள் வீட்டுப் பழக்கம் தெரியும். செத்தவீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகிவிட்டுத்தான் பிள்ளையைத் தொடுவோம். இங்கே நானே ஒரு செத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பிள்ளை படுக்கிற வீட்டில் கதிரை போடப் போகிறேன். அந்தச் செத்தவள் நீ என்பது பகலில் ஆறுதலாக இருக்கும். இருட்டின பிறகு அந்த ஆறுதல் காணாமல் போகும். செய்யாமல் விட்டால் உனக்குக் கொடுத்த சொல் போய்விடும். செய்து, பிள்ளைக்கு ஏதும் வந்தால்?

என் கணவர் தன் பங்குக்கு, “இது செத்தவைக்குச் செய்யிற அந்தியேட்டி மாதிரியோ, ஹலோவீன் மாதிரியோ? ஒண்டைச் சொல்லும், அதுக்கேத்த உடுப்பைப் போடுறன்” என்றார்.

சரியான முறையைக் கேட்டுச் செய்துவிட்டால் பயம் போகும் என்று நினைத்து மூன்று பேருக்கும் ஃபோன் எடுத்தேன். நாள் எது என்பதிலேயே தலை சுற்றியது. மோய்ராவுக்கு ஒக்டோபர் கடைசி நாள், சூரியன் விழும் நேரம். டானியல் கணக்குப் போட்டு, இரவும் பகலும் சமமான நாளுக்கும் மிக நீண்ட இரவுக்கும் சரிநடு வருவது அதற்கு ஒரு கிழமை தள்ளித்தான் என்றான். இங்கிரிட்டின் ஆட்களுக்கு அது ஏற்கெனவே முடிந்துவிட்டதாம். இனிப்பில் தொடங்கிச் சாப்பாட்டில் முடிக்க வேண்டும், செத்தவர்களின் முறை தலைகீழ் என்று மோய்ரா சொன்னாள். முக்கியமாக, செத்தவர்களுக்கு வைக்கும் உணவில் உப்பு கூடாது, உப்பு அவர்களைத் துரத்திவிடும். “எங்கடை சாப்பாட்டை உப்பில்லாமல் எப்படிச் சமைப்பது?” என்று தடுமாறினேன். “உன் வீடு, உன் அடுப்பு. நான் உனக்குச் சட்டம் சொல்லமாட்டேன்” என்றாள். எனக்கு அழுகை வந்தது. யாராவது சட்டம் சொல்லுங்கள் என்றுதானே நான் ஃபோன் எடுத்ததே.

பிள்ளைக்கு ஏதும் ஆகுமா என்று எல்லோரிடமும் கேட்டேன். உயிரோடு இருந்தபோது எப்படி நேசித்தாளோ அப்படித்தான் வருவாள் என்றாள் மோய்ரா. ஒருவரும் வரப்போவதில்லை, ஜன்னலைத் திறந்து வை, மெழுகுதிரிப் புகை தொய்வுக்கு நல்லதில்லை என்றான் டானியல். “முடிவில் விருந்தாளிக்கு நன்றி சொல்லி, போய்வரச் சொல். அதை நான் செய்கிறேன்” என்றாள் இங்கிரிட். அந்த ஒன்றைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நாளை நானே முடிவு செய்தேன். நவம்பர் தொடக்கத்தில் வந்த ஞாயிறு. அது கத்தோலிக்கர்களின் ஆத்துமாக்கள் திருநாள் என்பதால். பிக்கரிங்கில் உன் தம்பி வீட்டில் இருக்கும் உன் அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

“அன்ரி, ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு தட்டு வைக்கிறம். ஒண்டும் கதைக்காமல் இருந்து சாப்பிடுறது. நீங்களும் வந்தா...”

“அந்தச் சனமும் வருகுதோ?”

“ஓம் அன்ரி.”

“நான் அண்டைக்குச் சேமக்காலைக்குப் போறன். கல்லறையிலை திரி கொளுத்த வேணும்.” குரலைத் தாழ்த்தினா. “பாதரிட்டைக் கேட்டனான், என்ர பிள்ளை இப்ப எங்கை எண்டு. செபம் பண்ணுங்கோ எண்டார். அது செய்யிறன்தானே. எங்கையெண்டு சொல்லேல்லை.”

அன்ரியே பேச்சை மாற்றினா.

“என்ன சமைக்கிறாய்?”

“பிட்டும் சொதியும் அன்ரி.”

“அவள் பிட்டுத் தின்னமாட்டாள். இடியப்பம் அவி.” ஃபோனை வைத்துவிட்டா.

அன்று நேரத்தை ஒரு மணி பின்தள்ளிய ஞாயிறு. ஐந்து மணிக்கே இருட்டு. மத்தியானத்திலிருந்து பிள்ளைக்கு இரைப்புத் தொடங்கிவிட்டது. மருந்தை உறிஞ்சும் பம்மை எடுத்துக்கொண்டு அறைக்கும் அடுப்புக்குமாக ஓடினேன். இது அந்தச் சாப்பாட்டால்தானோ, இப்போதே தொடங்கிவிட்டதோ என்று ஒரு நினைப்பு. அம்மாவின் விதி ஒன்று எனக்குள் தானாகவே ஓடும்: படைக்கிற சாப்பாட்டை ருசி பார்க்கக்கூடாது. முதல் வாய் படையலுக்குத்தான். எத்தனையோ விரதத்துக்கு அப்படிச் சமைத்திருக்கிறேன், கை அளவு பிசகியதில்லை. அன்றைக்கும் ருசி பார்க்காமல்தான் சொதியை இறக்கினேன், கிழங்குக் கறியையும்.

மூவரும் வந்தார்கள். மோய்ரா புகை வராத தேன்மெழுகுத் திரி கொண்டுவந்தாள். டானியல் பூங்காவில் பொறுக்கிய ஓக் இலைகள். இங்கிரிட் தன் தெய்வத்துக்கென்று சின்னக் குவளையில் தேன்மதுவை ஊற்றித் தன் பக்கத்தில் தனியாக வைத்துக்கொண்டாள். உன் கதிரையை நான் மேசையின் தலைப்பக்கம் போடவில்லை. வாசல் பக்கமாக, பிள்ளையின் அறைக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் போட்டேன். மோய்ராவின் கண் அங்கே ஒரு முறை போய்வந்தது. பிறகு திரியை ஏற்றினாள். இவர் பிள்ளையோடு அறைக்குள் இருந்தார்.

தொடங்கப் போகிற நேரத்தில் கதவு தட்டுப்பட்டது. உன் அம்மா. கறுப்பு ஜாக்கெற், முழங்காலில் சேமக்காலைச் சேறு.

“நான் சாப்பிட வரேல்லை. சும்மா பாத்திட்டுப் போக வந்தனான். தம்பி கீழை காரிலை நிக்கிறான்.”

மிச்சம் இருந்தது உன் கதிரைக்குப் பக்கத்துக் கதிரை மட்டும்தான். ஜாக்கெற்றைக் கழற்றாமலே அதில் இருந்தா.

மோய்ரா சின்ன மணியை அடித்தாள். அதன் பிறகு பேச்சில்லை. பாயாசத்தை முதலில் வைத்தபோது உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் குடித்தா. மேசைக்குக் கீழே செபமாலை மணிகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. உதடு அசைந்தது, குரல் வரவில்லை. பிறகு இடியப்பமும் சொதியும் கறியும். உன் தட்டில் வைத்துவிட்டு வந்து இருந்து, முதல் வாயை வைத்தேன்.

உப்பில்லை. சொதியில் இல்லை, கறியில் இல்லை, மாவிலும் இல்லை. பம்மும் கையுமாய் ஓடிய ஓட்டத்தில் முழுதாகவே விட்டுப்போயிருக்கிறது. உப்புக் கடலையை வாங்கி அதற்கு மேலும் உப்புத் தூவித் தின்கிறவள் நீ. உனக்கு வைத்த முதல் தட்டு. வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. நிமிர்ந்து பார்த்தால் மோய்ராவின் கண்களில் தண்ணீர். அவளுக்காகத்தான், அவள் நம்பிக்கைக்காகத்தான் நான் இப்படிச் சமைத்தேன் என்று நினைத்துவிட்டாள். இங்கிரிட் இது எங்கள் வழக்கம் என்ற மரியாதையோடு நேராக இருந்து விழுங்கினாள். டானியல் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான்.

உன் அம்மா இரண்டு வாய் வைத்தா. கையை எடுத்தா. எல்லோரையும் ஒரு முறை பார்த்தா.

“பிள்ளை” என்றா, அந்த அமைதியின் நடுவில். “நீ உப்பே போடேல்லை.”

தலையை மட்டும் ஆட்டினேன். அவ எழும்பிக் குசினிக்குள் போனா. ஒரு அலுமாரி திறந்து மூடும் சத்தம், இன்னொன்று. உப்புப் போத்தலோடு திரும்பி வந்தா. தன் தட்டுக்குப் போகவில்லை. உன் தட்டுக்கு முன்னால் நின்று, போத்தலுக்குள் விரலை விட்டா.

மோய்ராவின் கை மேசைக்கு மேலே எழும்பியது. தடுக்கத்தான். அவளைப் பொறுத்தவரை நீ அந்தக் கதிரையில் இருக்கிறாய். அந்த உப்பு விழுந்தால் போய்விடுவாய். நான் அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை பாதிவழியில் நின்றது. பிறகு கீழே இறங்கி, அவளுடைய மடியில் மற்றக் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

“அவளுக்குக் கூடப் போட வேணும்” என்று சொல்லிக்கொண்டே உன் அம்மா உன் சொதிக்கு உப்புப் போட்டா. ஒரு முறை, இன்னொரு முறை. விரலால் கலக்கியும் விட்டா.

பிறகு போத்தல் மேசையைச் சுற்றி வந்தது. எல்லோரும் எடுத்தோம். மோய்ரா மட்டும் எடுக்கவில்லை. கடைசிவரை உப்பில்லாமலே சாப்பிட்டு முடித்தாள். முடிவில் இங்கிரிட் வாசலில் போய் நின்று, வந்ததற்கு நன்றி, நல்லபடி போய்வா என்று கதவைத் திறந்து சொன்னாள். உன் அம்மா சிலுவை அடையாளம் போட்டா.

பாத்திரங்களை எடுக்கும்போது அவ என் கையைப் பிடித்தா. “அந்த மனுசியிட்டைக் கேள், என்ர பிள்ளையைக் கண்டவவோ எண்டு.”

கேட்டேன். மோய்ரா உன் கதிரையைத் திரும்பிப் பார்த்தாள். “உப்புக்கு முன்பு, இருப்பதுபோல இருந்தது” என்றாள்.

“பிறகு?”

“எனக்குத் தெரியாது. அம்மா போடும் உப்பைப் பற்றி எங்களில் ஒருவரும் ஒருநாளும் பேசியதில்லை.”

மாற்றாமல் அப்படியே உன் அம்மாவுக்குச் சொன்னேன். இனிப்புப் பூசிச் சொல்லியிருக்கலாம், மனம் வரவில்லை. அவ மோய்ராவையே பார்த்துக்கொண்டு கேட்டா. “எனக்கும் தெரியாதெண்டு சொல்லு” என்றா. இரண்டு பேரும் அதற்குப் பிறகு வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள், பேச ஒரு மொழியும் இல்லாமல். டானியல்தான் போகும்போது, உங்கள் உணவு எப்போதும் இவ்வளவு சாந்தமாக இருக்குமா என்று கேட்டு, அறைக்குள் இருந்த இவரை வாய்விட்டுச் சிரிக்க வைத்தான்.

லிஃப்ற் வரைக்கும் உன் அம்மாவோடு போனேன்.

“அடுத்த வருசமும் வைப்பியோ?”

“ஓம் அன்ரி.”

“இடியப்பம் நான் அவிச்சுக்கொண்டு வாறன். நீ கெடுத்துப்போடுவாய்.”

பிள்ளைக்கு அன்று இரைப்பு கூடவுமில்லை, குறையவுமில்லை. அடுத்த நாள் காலையில் எழும்பி வந்து வாசல் பக்கத்துக் கதிரையைப் பார்த்தாள். “அம்மா, அன்ரி வந்தவவா?” உன்னைத்தான் கேட்டாள்.

வந்தவ என்றால் பயப்படுவாளோ, வரவில்லை என்றால் அழுவாளோ என்று இரண்டு பதிலையும் எத்தனையோ நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

“எனக்குத் தெரியாது குஞ்சு.”

“ஓகே” என்றாள். “சீரியல் வேணும்.”

அவ்வளவுதான். தாய்க்கு ஒன்று தெரியாது என்று கேட்டும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் அந்தக் கதிரையிலேயே இருந்துவிட்டேன். நீ எனக்கு எதையும் கற்றுக்கொடுக்க முயன்றதில்லை. ஆனால் அந்தச் சொல்லை உன்னிடமிருந்துதான் எடுத்திருக்கிறேன். இப்போது அடிக்கடி உதவுகிறது, டொக்ரர் வீட்டில்கூட. எல்லாம் ஒன்றுதான் என்று சொல்வதை விட்டுவிட்டேன். மோய்ராவின் கை பாதிவழியில் நின்றதைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல நா எழவில்லை. ஒன்றாக இருந்திருந்தால் அந்தக் கை எழும்பியே இருக்காது.

எழுதியது போதும். எழும்பிப் போய் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். அப்படியே விட்டால் பிள்ளைக்குக் காவல் என்று என்னில் ஒரு பாதி சொல்கிறது. உனக்கும் அது தடைதானே என்கிறது மற்றப் பாதி. டானியல் கேட்டால் அது வெறும் தெரு உப்பு என்பான், அதுவும் சரியாக இருக்கலாம். எனக்குத் தெரியாது. பயம் போய்விட்டது என்று உனக்குப் பொய் சொல்லவும் மாட்டேன்.

துணியைப் பிழிந்து, கோட்டின் நடுவில் ஒரு காலடி அகலத்துக்கு மட்டும் துடைத்துவிட்டேன். மிச்சத்தை விட்டுவிட்டேன். பிள்ளை நித்திரை.

சளி இல்லாவிட்டால் உள்ளே வா.